பரிமாறியவர் சாப்பிட்டாரா?

அகத்தியமலைப் பகுதியில் தோன்றும் கரமனையாறு, திருவல்லத்தை அடுத்துக் கடலில் கலக்கிறது. அந்த ஆற்றங்கரையில், திருவனந்தபுரம் நகரத்தின் ஒரு பகுதியாகிய கரமனையில், வரிசை வீடுகள் கொண்ட அக்கிரகாரம் ஒன்று உண்டு. தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அமெரிக்காவில் பணிபுரியும் அவருடைய மகன், பெற்றோரின் மணநாளைக் கொண்டாட விரும்பி, மயாமி துறைமுகத்திலிருந்து கரீபியன் தீவுகளுக்குச் செல்லும் உல்லாசக் கப்பல் ஒன்றில் ஏழு நாள் பயணத்திற்கு ஏற்பாடு செய்திருந்தார்.

ஆசிரியருக்குக் கடலை விட வியப்பளித்தது உணவுக்கூடம். காலையில் தொடங்கினால் நள்ளிரவு வரை உணவு. ரொட்டி வகைகளுக்கு ஒரு வரிசை, பழங்களுக்கு ஒரு வரிசை, இனிப்புகளுக்கு ஒரு வரிசை. யார் எவ்வளவு எடுத்தாலும் கேள்வி இல்லை. எடுத்ததில் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாலும் கேள்வி இல்லை. மாலை உணவுக்கு மட்டும் தனிக்கூடம். அங்கே ஏழு நாளும் அதே மேசை, அதே பணியாளர். அவர்களுடைய மேசைக்கு வாய்த்தவர் ஓர் இளைஞர். சட்டையில் குத்தியிருந்த சிறு தகட்டில் அவர் பெயரும் அதற்குக் கீழே நாட்டின் பெயரும் இருந்தன. இந்தியா என்று கண்டதும் ஆசிரியர் விசாரித்தார். இளைஞருக்கு ஊர் குளச்சல் பக்கம். 1956 நவம்பர் 1 வரை குளச்சலும் கரமனையும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவைதான்! அதன் பிறகு கேட்க வேண்டுமா? சைவ உணவு மட்டுமே உண்ணும் அந்தத் தம்பதியருக்காகச் சமையற்கூடத்தில் சொல்லிச் சோறும் பருப்பும் வரவழைத்துக் கொடுத்தார் அந்த இளைஞர்.

இரண்டாம் நாள் மாலை. பருப்பை ஊற்றிவிட்டு நிமிர்ந்தவரிடம், ஊரில் எவரிடமும் கேட்பதுபோல, ஆசிரியர் கேட்டார்: "தம்பி, நீ சாப்பிட்டாச்சா?"

இளைஞர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "நாங்க இங்கே சாப்பிடக் கூடாது சார். எங்களுக்குக் கீழே தனி இடம். எல்லாம் ஒதுக்கி முடிய ராத்திரி பதினொன்று ஆகும்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றைய சோறு ஆசிரியருக்கு முழுமையாக இறங்கவில்லை. அதற்குக் காரணம் என்னவென்று அவராலேயே உடனே சொல்ல முடியவில்லை. இளைஞர் எந்தக் குறையும் கூறவில்லை. எவரும் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. உணவகம் எதுவாயினும் பரிமாறுபவர் பிறகுதானே உண்கிறார்? இருந்தும் மனம் ஏன் நெருடியது? இந்தக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். இதைச் சற்று நின்று ஆராய்ந்தால், சேவை என்ற சொல்லை நாம் எவ்வளவு கவனமின்றிப் பயன்படுத்துகிறோம் என்பது விளங்கும்.

கடைப்பந்தி

கரமனை வீடுகளில் ஒரு விசேஷம் என்றால் பந்தி எப்படி நடக்கும் என்பதை நினைத்துப் பார்ப்போம். நுனி இடப்பக்கம் இருக்கும்படி இலை போடப்படுகிறது. எரிசேரி, ஓலன், காளன், அவியல் என்று வரிசையாக வந்து, சாம்பாரும் ரசமும் கடந்து, பிரதமனும் மோருமாக முடிகிறது. பரிமாறுவோர் யார்? மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, பெண்ணுக்கு மாமா, அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் கரண்டியுமாகக் குனிந்து குனிந்து நடப்பவர் மாவட்ட நீதிபதியாகக்கூட இருக்கலாம். முதற்பந்தியில் உண்டவர் எழுந்து கைகழுவி வந்து இரண்டாம் பந்திக்குப் பரிமாறுவார். வீட்டுக்காரர் கடைப்பந்தி வரை அமரமாட்டார். அந்தக் கடைப்பந்தியில் சமையற்காரரும் உட்காருவார்; முன்னே உண்டவர்களில் யாரேனும் அவருக்குப் பரிமாறுவார்கள். பிரதமன் சில சமயம் தீர்ந்துபோயிருக்கும். அதைச் சொல்லிச் சிரிப்பதும் அந்தப் பந்தியின் ஒரு பகுதிதான்.

இதில் ஒளிந்திருக்கும் தத்துவத்தைக் கவனிக்க வேண்டும். உண்பவன், பரிமாறுபவன் என்னும் இரண்டும் அங்கே நிலையான பதவிகள் அல்ல. ஒருவரே மாறி மாறி ஏற்கின்ற இரு நிலைகள். இப்போது குனிபவர் சற்று நேரத்தில் அமர்வார். அமர்ந்திருப்பவர் சற்று நேரத்தில் குனிவார். ஆகவே குனிவதில் இழிவு இல்லை, அமர்வதில் பெருமையும் இல்லை. தருமபுத்திரரின் ராஜசூய வேள்வியில் கண்ணன் எச்சில் இலைகளை எடுத்ததாக நம் நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை மக்களின் நெஞ்சில் நின்றதற்கும் காரணம் இதுவே. அக்ரபூஜை பெற்ற அதே கைதான் இலை எடுக்கவும் செய்கிறது.

கப்பலில் ஆசிரியரின் மனத்தை நெருடியது இந்த இடமாற்றம் இல்லாமையே. பதினொரு மணிக்கு உண்பதிலோ கீழ்த்தளத்தில் உண்பதிலோ பெரிய துன்பம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இளைஞர் அந்த மேசையில் ஒருபோதும் அமரப்போவதில்லை. அந்த மேசையில் அமர்ந்தவர் எவரும் அவருக்கு ஒரு கரண்டி சோறு இடப்போவதும் இல்லை. இரு நிலைகளுக்கும் நடுவே படிக்கட்டு இருக்கிறது. அதில் ஏறி இறங்குவோர் இல்லை.

நம் வீட்டுக் கணக்கு

இங்கே அவசரப்பட்டு, நம் மரபு உயர்ந்தது, மேலைநாட்டுக் கப்பல் தாழ்ந்தது என்று முடித்துவிடக் கூடாது. அப்படிச் சொல்வது எளிது, உண்மையாகாது.

அதே திருவிதாங்கூரில் அரசின் செலவில் ஊட்டுப்புரைகள் நடந்தன. அங்கே பிராமணர்களுக்கு இலவச உணவு கிடைத்தது. அந்த நெல்லை விளைவித்தவர்களோ அந்தக் கூடத்தின் வாசலுக்குக்கூட வர முடியாது. கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்காகவே 1924-இல் வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்க வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். கரமனைப் பந்தியில் நிகழ்ந்த அழகிய இடமாற்றமும் ஒரு வேலிக்கு உள்ளேதான் நிகழ்ந்தது. வேலிக்கு வெளியே நின்று இலைக்கட்டும் விறகும் கொண்டுவந்து கொடுத்தவருக்கு அந்தக் கடைப்பந்தியிலும் இடமில்லை. கப்பலின் கீழ்த்தளத்தைக் கண்டு முகம் சுளிக்கும் நமக்கு, நம் பாட்டனார் வீட்டின் கொல்லைப்புறம் நினைவுக்கு வர வேண்டாமா?

இதை உணர்ந்து வேலியை அகற்றியவர்களும் அந்த மண்ணிலேயே தோன்றினார்கள் என்பது நம் நல்வினை. கரமனைக்கு அருகே உள்ள தைக்காட்டில், பிரிட்டிஷ் ரெசிடென்சியில் மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர் தைக்காடு அய்யா சுவாமிகள். தமிழ்நாட்டில் பிறந்து அங்கே குடியேறியவர், 1909-இல் மறைந்தார். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றனர். சாதி பாராமல் எல்லோரையும் ஒரே பந்தியில் அமரச் செய்து உணவளித்தார் அவர். அய்யன்காளியும் அவருடைய பந்தியில் இடம்பெற்றவர்களுள் ஒருவர். அதற்காக அவருக்குக் கிடைத்தது ஏளனப் பெயர். 1917 மே மாதத்தில் கொச்சி ராஜ்யத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் நடத்திய மிச்ரபோஜனமும் இத்தகையதே. ஈழவரும் புலையரும் சேர்ந்து உண்ட அந்த ஒரு வேளை உணவுக்காக ஊரார் அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்றார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். ஒரு வேளைச் சோறு இவ்வளவு பெரிய காரியமாக இருந்ததென்றால், உடன் அமர்ந்து உண்பதில் எத்தனை பெரிய உண்மை அடங்கியிருக்க வேண்டும்!

திருவனந்தபுரம் கண்ட மற்றொரு நிகழ்ச்சியும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் கொச்சி ராஜ்யத்திலிருந்து அந்நகரை அடைந்தார். பேராசிரியர் சுந்தரராம ஐயரின் வீட்டில் ஒன்பது நாட்கள் தங்கினார். சுவாமிஜிக்கு வழித்துணையாக வந்தவர் கொச்சி அரசுப் பணியிலிருந்த ஒரு முஸ்லிம் சேவகர். முந்தைய இரண்டு நாட்களில் சிறிது பாலைத் தவிர சுவாமிஜி ஏறக்குறைய எதுவுமே உண்ணவில்லை. இருந்தும், வீட்டுக்குள் வந்ததும் அவர் முதலில் கேட்டது அந்தச் சேவகருக்கு உணவு. அவர் உண்டு விடைபெற்றுச் சென்ற பிறகே தமக்கென எதையும் ஏற்றார். சுந்தரராம ஐயர் தம் நினைவுக்குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார். வேதாந்தத்தைப் பற்றி அந்த ஒன்பது நாட்களில் பேசப்பட்டவை ஏராளம். ஆனால் எல்லாப் பேச்சுக்கும் முன்னால், வாசற்படியிலேயே, வேதாந்தம் செயலாகிவிட்டது!

மகனின் வாதம்

ஆசிரியர் தம் மனக்குறையை மகனிடம் சொன்னபோது மகன் சொன்ன பதிலைப் புறக்கணிக்க இயலாது. "அப்பா, ஊரில் கிடைக்கும் சம்பளத்தைவிட இங்கே அவருக்குப் பல மடங்கு. இதை வைத்துத் தங்கைக்குக் கல்யாணம் செய்திருப்பார், வீடு கட்டியிருப்பார். நாம் வராமல் இருந்தால் அவருக்கு வேலையே இல்லை. பரிதாபப்படுவது அவருக்கு மரியாதை ஆகுமா?"

நியாயமான வாதம். உழைத்து ஊதியம் பெறுவதில் அவமானம் ஏதும் இல்லை. ஜெர்மானிய தத்துவ அறிஞர் காண்ட், 1785-இல் வெளியிட்ட அறவியல் நூலில், மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்றார். 'மட்டும்' என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாவிதரிடமும் தச்சரிடமும் நாம் பணி பெறுகிறோம். அந்த அளவில் அவர்கள் நமக்குக் கருவிதான். அது தவறன்று. அவருக்கும் ஒரு வாழ்வு, ஒரு நோக்கம் உண்டு என்பதை மறந்துவிடும்போதுதான் தவறு தொடங்குகிறது.

அப்படியானால் உண்மை நிலையைக் காண்போம். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பலில் இருபது தளங்கள். அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள். பணியாளர் 2,350 பேர். ஏறக்குறைய இரண்டரைப் பேருக்கு ஒரு பணியாளர்! அரண்மனையில்கூட எல்லோருக்கும் இது வாய்த்ததில்லை. பொதுவாக இத்தகைய கப்பல்களில் பணி ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை நீள்கிறது; அதில் வார விடுமுறை என்பது இல்லை. கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ அந்த நாட்டுச் சட்டமே பெரும்பாலும் அங்கே செல்லும். பல கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைத் தாங்குகின்றன. 2006-இல் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. அது வகுத்துள்ள விதிகளுள் ஒன்று: நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாட்களில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு. ஒரு வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம், எஞ்சுவது 91. மனிதனைக் காக்க எழுதப்பட்ட விதியே இவ்வளவு இடம் கொடுக்கிறது!

இன்னொன்றையும் ஆசிரியர் கவனித்தார். பயணம் முடியும் தறுவாயில் இளைஞர் சற்றே தயங்கியபடி, கருத்துப் படிவம் வரும், அதில் உயர்ந்த மதிப்பெண் தந்தால் தமக்கு உதவியாக இருக்கும் என்றார். ஆசிரியர் முப்பது ஆண்டுகள் பிறருக்கு மதிப்பெண் இட்டவர். ஆனால் ஒருவருடைய புன்னகைக்கு அவர் ஒருநாளும் மதிப்பெண் இட்டதில்லை. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களின் வாழ்வை ஆராய்ந்து, கை உழைப்பைப் போலவே உணர்ச்சியும் இக்காலத்தில் ஊதியத்திற்கு விற்கப்படுவதை எடுத்துக் காட்டினார். தட்டைத் தூக்கும் கை மாலையில் ஓய்ந்துவிடும். விற்றுவிட்ட புன்னகையை எப்போது தனக்கென எடுத்துக்கொள்வது?

இதனால் பெறுபவருக்கும் இழப்பு உண்டு. ஹெகல் 1807-இல் எழுதிய நூலில் ஆண்டான், அடிமை உறவை ஆராயும் பகுதி புகழ்பெற்றது. அடிமையிடமிருந்து ஆண்டான் மதிப்பை எதிர்பார்க்கிறான்; ஆனால் தான் மதிக்காத ஒருவன் தரும் மதிப்பு அவனுக்கு நிறைவு தருவதில்லை. மறுக்கும் உரிமை இல்லாத புன்னகையும் அத்தகையதே. கப்பலில் எல்லோரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவற்றுள் எது நமக்கானது என்று மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

கதவுக்கு வெளியே வைத்த தட்டு

இந்த உறவின் உள்ளமைப்பு 2020 பிப்ரவரியில் உலகத்தின் கண்முன் வெளிப்பட்டது. ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பல், கொரோனா தொற்றின் காரணமாக நிறுத்தி வைக்கப்பட்டது. கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பணியாளர். இந்தியர் 138 பேர். ஆறு பேர் தவிர மற்ற அனைவரும் பணியாளர்களே.

பிப்ரவரி 5 முதல் பயணிகள் தத்தம் அறைகளுக்குள் தனிமைப்படுத்தப்பட்டனர். தனிமையில் இருப்பவரும் மூன்று வேளை உண்ண வேண்டுமே! சமைப்பதற்கும், தட்டுகளை அடுக்குவதற்கும், அறை அறையாகச் சென்று கொடுப்பதற்கும், உண்ட தட்டுகளைத் திரும்பப் பெறுவதற்கும் யாரோ நடமாட வேண்டும். அந்த 'யாரோ' பணியாளர்கள். அவர்களுக்குத் தனிமை இல்லை. சிற்றறைகளைப் பகிர்ந்து உறங்கினார்கள். பொதுக்கூடத்தில் சேர்ந்து உண்டார்கள். பிப்ரவரி 9 வரை தொற்று உறுதியான இருபது பணியாளர்களுள் பதினைந்து பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பதினாறு பேர், உணவுப் பணியாளர்கள் வசித்த மூன்றாம் தளத்தில் தங்கியிருந்தவர்கள் என்று பின்னர் வெளியான ஆய்வறிக்கை கூறியது. மொத்தத்தில் கப்பலில் 712 பேர் தொற்றுக்கு ஆளானார்கள்.

இதில் கொடியவர் என்று எவரையும் சுட்ட இயலாது. தொற்றைப் பற்றிய அறிவு அன்று குறைவு; அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஆனால் காக்கப்பட வேண்டியவர் யார், காப்பவர் யார் என்ற பிரிவினை எவரும் ஆலோசிக்காமலேயே நிகழ்ந்துவிட்டது அல்லவா? அதுதான் சிந்திக்க வேண்டிய இடம். படிக்கட்டு அப்படியே இருந்தது. உண்பவர் மேலே, இடுபவர் கீழே. பஞ்சமோ நோயோ வரும்போது புதிய அநீதி பிறப்பதில்லை. இருந்துவந்த ஏற்பாடு தன் முகத்தைக் காட்டுகிறது. கப்பலில் இருந்து நாட்டு மக்களுக்குக் காணொளி வழியே உதவி கேட்டவர்களில் தமிழரும் உண்டு. பிப்ரவரி 27 அன்று 119 இந்தியர் தனி விமானத்தில் டில்லி வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த மாதமே உலகெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. பயணிகள் விரைவில் வீடு திரும்பினர். பணியாளர் பலரோ மாதக்கணக்கில் கப்பலிலேயே சிக்கிக் கிடந்தனர், வீடு சேர்ந்த பலர் ஊதியமின்றி வாடினர். 'நாம் போகாமல் இருந்தால் அவருக்கு வேலையே இல்லை' என்று மகன் சொன்னது அப்போது மெய்யானது. ஆகவே கப்பலில் ஏறாமல் இருப்பது மட்டும் விடை ஆகாது.

அன்பளிப்பைக் கூட்டித் தருவது விடையா? பல கப்பல்களில் பயணி ஒருவருக்கு நாளொன்றுக்கு பதினைந்து முதல் இருபது டாலர் வரை அன்பளிப்பாகக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். கட்டாயமாகிவிட்ட பின் அதை அன்பளிப்பு என்று அழைப்பது மொழிக்கே இழைக்கும் தவறு! ஆசிரியர் அதற்கு மேலும் ஒரு தொகையை உறையில் இட்டுக் கொடுத்தார். இளைஞர் நன்றியோடு வாங்கிக்கொண்டார். கொடுத்தது நல்லதுதான். ஆனால் கொடுத்த பிறகும் நெருடல் போகவில்லை. பணத்தைக் கொடுத்தால் கடன் தீரலாம், நிலை மாறாது. விருந்தினரை வழியனுப்பிவிட்டு அடுத்த விருந்தினரை எதிர்நோக்கி நிற்பவனைத் திருவள்ளுவர் போற்றுகிறார். அப்படி நிற்பதற்கு அந்த இளைஞருக்கு ஒரு வாசல் வேண்டுமே?

1899 ஜூனில் சுவாமி விவேகானந்தர் 'கோல்கொண்டா' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து மேலைநாடு புறப்பட்டார். கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியிருந்ததால் சென்னையில் அவரைக் கரையிறங்க விடவில்லை. அவரைப் பிரிய மனமில்லாத அளசிங்கப் பெருமாள், கொழும்பு வரை பயணச்சீட்டு வாங்கிக் கப்பலில் ஏறிவிட்டார். வெள்ளையர் உலாவும் மேல்தளத்தில் வெறுங்காலுடன், நெற்றியில் திருமண்ணுடன், வழிக்கென அவர் எடுத்து வந்தவை சிறு மூட்டைகளில் அவலும் பொரியும் வறுத்த பட்டாணியும்! சுவாமிஜி தம் பயண நூலில் இதை நகைச்சுவையும் நேசமுமாக வருணிக்கிறார். அதே நூலில்தான் கப்பலில் உழைத்த இந்திய மாலுமிகளைப் பற்றியும் எழுதுகிறார். பேபிலோன் முதல் இங்கிலாந்து வரை பல நாடுகளின் செல்வத்துக்கு வேராக இருந்தும் எவராலும் கவனிக்கப்படாத இந்திய உழைப்பாளிகளை நேரே விளித்து வணங்குகிறார். மேல்தளத்தில் இருந்துகொண்டு கீழ்த்தளத்தை மறவாத கண் அது.

கரமனைக்குத் திரும்பிய ஆசிரியரின் வீட்டில் மறு ஆண்டு பேரனுக்கு உபநயனம். இப்போதெல்லாம் சித்தப்பாவும் மாமாவும் வாளி தூக்குவதில்லை, ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஒரே நிறச் சட்டையும் தலையில் வலைத்தொப்பியும் அணிந்து பரிமாற வந்த எட்டு இளைஞர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தையும் அஸ்ஸாமையும் சேர்ந்தவர்கள். மலையாளம் சிறிது பேசினார்கள்; தமிழ் அறவே தெரியாது. பந்திகள் முடிந்தபோது பிற்பகல் இரண்டரை மணி. ஆசிரியர் எட்டு இலை போடச் சொல்லி, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியைக் கையில் எடுத்தார். இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, இலைக்கு முன் உட்காருவதா வேண்டாமா என்று நின்றார்.

ஒப்பந்தக்காரர் விரைந்து வந்தார். மாலையில் பேட்டையில் வேறொரு விருந்து, வண்டி காத்திருக்கிறது, இவர்களுக்குப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொள்கிறோம், மாமா சிரமப்பட வேண்டாம் என்று மிகவும் பணிவாகச் சொன்னார். பாத்திரங்கள் வண்டியில் ஏறின, இளைஞர்களும் ஏறினார்கள். போட்ட எட்டு இலைகளும் காற்றில் லேசாக அசைந்துகொண்டிருந்தன. அந்த ஒரு இளைஞர் வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். ஆசிரியர் வாளியைக் கீழே வைக்காமல், ஒப்பந்தக்காரரிடம் அடுத்த மாதம் வரும் ஒரு விசேஷத்தின் தேதியைச் சொல்லி, அன்றைக்கு மாலையில் வேறு விருந்து ஒப்புக்கொள்ளாமல் இருக்க என்ன செலவாகும் என்று கேட்டார்.